கதவுக்கு யாரும் நன்கொடை தருவதில்லை: வியாசர்பாடியில் ஓர் இளைஞர் ஒலிப்பதிவுக்கூடம்

நன்கொடையாக முதலில் வந்து சேர்ந்தது ஒரு கீபோர்டு. அடுத்த வாரம் இரண்டு ஸ்பீக்கர்கள் வந்தன. அதன் பிறகு ஒரு பழைய கணினி. இவற்றை வைக்க வேண்டிய ஹாலுக்கு அப்போது பூட்டக்கூடிய கதவு இல்லாததால், மூன்றும் எதிர் பிளாக்கில் வசிக்கும் ஓர் அக்காவின் கட்டிலுக்கடியில் நான்கு மாதங்கள் கிடந்தன. கீபோர்டின் முகப்பில் கொடுத்தவரின் பெயர் பொறித்த தகடு ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. கதவில் தன் பெயரைப் பொறித்துக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை. இந்தக் கூடத்தின் கட்டட வேலையையும் ஒலி சார்ந்த வேலையையும் கவனித்துக்கொண்டவன் என்ற முறையில், பணமும் உழைப்பும் எங்கே போயிருக்க வேண்டும், உண்மையில் எங்கே போயின என்பதைப் பதிவுசெய்வதற்காக இதை எழுதுகிறேன். நடத்துகிற அறக்கட்டளையின் பெயரும் பிளாக் எண்ணும் இந்த ஆய்வுக்குத் தேவைப்படாதவை என்பதால் அவற்றைத் தவிர்த்திருக்கிறேன்.

இடமும் பாட்டும்

வியாசர்பாடியைப் பற்றிப் பத்திரிகைகளில் வருகிற செய்தி பெரும்பாலும் மழைக்காலத்துச் செய்தியாகவோ காவல் நிலையச் செய்தியாகவோ இருக்கும். பக்கத்துப் பெரம்பூரின் பின்னி மில் 1996இல் மூடப்பட்ட பிறகு, ஆலை வேலையை நம்பியிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் துறைமுகத்துக்கும் சுமை தூக்கவும் துப்புரவுப் பணிக்கும் ஆட்டோ ஓட்டவும் போனார்கள். 1970இல் தொடங்கப்பட்டு, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய குடிசை மாற்று வாரியத்தை இங்கே இன்னும் ‘ஹவுசிங் போர்டு’ என்றுதான் சொல்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்த ஹால், அப்படிப்பட்ட இரண்டு பிளாக்குகளுக்கு நடுவில் தனியாக நின்ற ஓர் ஒற்றைமாடிக் கட்டடம். ஒரு காலத்தில் பால்வாடியாக இருந்தது. நீளம் 24 அடி, அகலம் 20 அடி, தளத்தின் உயரம் பத்தரை அடி, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். அருகிலிருந்த வீட்டின் ஜன்னலுக்கும் ஹாலின் சுவருக்கும் இடையில் 12 அடிதான் இருந்தது.

அங்குள்ள பிள்ளைகளுக்கு இசையைக் கற்றுத்தரப் போகிறோம் என்ற நினைப்போடு வருகிறவர்கள் முதல் நாளே வெட்கப்பட வேண்டியிருக்கும். கானா அங்கே பிறந்து வளர்ந்த பாட்டு. சாவு வீட்டில் இரவெல்லாம் உட்கார்ந்து, இறந்தவரின் பெயரையும் பிறவியையும் கோத்துப் பாடும் மரண கானாவை, எட்டாம் வகுப்புப் பையன் தன் மாமனிடமிருந்து காதால் கேட்டே எடுத்துக்கொள்கிறான். தேவாவின் பாடல்கள் வழியாகத் தொண்ணூறுகளில் சினிமாவுக்குள் போன அந்தப் பாட்டு, 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் சாதி எதிர்ப்பைப் பாடும் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக் குழு முதன்முறையாக மேடையேறியபோது, தன் அரசியலை ஒளிக்காமல் சொல்லிக்கொண்டு நகரத்தின் நடுவில் நின்றது. இன்றைய பிள்ளைகள் ராப்பையும் கானாவையும் பிரித்துப் பார்ப்பதில்லை. கைப்பேசிச் செயலியில் தாளம் போட்டு, காதில் மாட்டும் ஹெட்செட்டின் மைக்கிலேயே பாடிப் பதிவுசெய்து, அன்றே இணையத்தில் ஏற்றிவிடுகிறார்கள். அவர்களுக்கு இல்லாதது பாட்டு அல்ல. சட்டி மேளத்தை அடித்துப் பாடினாலும் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வராத ஓர் அறை.

யாருடைய தூக்கம்

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல்லும் இரவில் 45 டெசிபெல்லும் வரம்பு என்று வகுத்திருக்கின்றன. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பகல். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் நாங்கள் முதல் கூட்டத்துக்குப் போனோம். 12 அடி தள்ளியிருந்த ஜன்னலுக்குரியவர் ஒரே கேள்வி கேட்டார்: “எனக்கு நைட் ஷிஃப்ட்டு தம்பி. நான் தூங்குறதே காலைல எட்டு மணிக்குத்தான். உங்க சட்டத்துல எனக்கு எப்போ ராத்திரி?” அதற்கு எங்களிடம் பதில் இல்லை. துறைமுகத்திலும் மாநகராட்சியிலும் இரவு வேலை பார்க்கிறவர்கள் நிறைந்த ஒரு பகுதியில் பகல் என்பது சட்டம் சொல்லும் பகலாக இருக்காது. ஆகவே, எந்த நேரத்தில் அடித்தாலும் வெளியே இரவு வரம்புக்குப் பக்கத்தில் வர வேண்டும் என்பதை எங்கள் இலக்காக மாற்றிக்கொண்டோம். திட்டத்தின் செலவுப் பட்டியல் தலைகீழானது அந்த ஒரு கேள்வியால்தான்.

ஹாலின் ஒன்பது அங்குலச் சுவர், இருபுறமும் பூசப்பட்ட நிலையில், சுமார் 50 டெசிபெல் ஒலியைத் தடுக்கும். ஒரு சிறிய அறைக்குள் சட்டி மேளமும் டோலக்கும் சேர்ந்தால் 100 டெசிபெல்லைத் தாண்டுவது எளிது. நூறில் ஐம்பது போனால் ஐம்பது மிச்சம், இடைவெளித் தூரத்தில் இன்னும் கொஞ்சம் குறையும், பிறகென்ன கவலை என்றுதான் தோன்றும். கவலை கதவில் இருக்கிறது. 12 சதுர மீட்டர் சுவரில் ஒரு சாதாரணக் கதவை வைத்து, அடியில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டால், அந்த இடைவெளியின் பரப்பு மொத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனால் கதவுப் பலகையே சுவருக்கு நிகரான கனம் உடையது என்று வைத்துக்கொண்டாலும், அந்த ஓர் இடைவெளியால் மட்டும் 50 டெசிபெல் சுவர் 31 டெசிபெல் சுவராகிவிடும். 100 டெசிபெல் மேளம் வெளியே 69 ஆக வந்து நிற்கும். தொட்டியில் ஊசித்துளை விழுந்தால் தண்ணீர் தங்காது என்பதை ஒத்துக்கொள்கிறவர்கள், ஒலி விஷயத்தில் மட்டும் சுவரின் தடிமனைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள்.

இந்த இடத்தில் முட்டை அட்டையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் ஏற்கெனவே ஒரு வீட்டின் பின்னறையில் சுவர் முழுக்க முட்டை அட்டையை ஒட்டி ‘சவுண்ட் புரூஃப்’ செய்து வைத்திருந்தார்கள். மெல்லிய காகிதக் கூழால் ஆன அட்டை உச்சஸ்தாயி ஒலிகளைக் கொஞ்சம் சிதறடிக்கும். மேளத்தின் அடிநாதத்துக்கு (‘பேஸ்’) அது இருப்பதே தெரியாது. கூடவே, ஒரு பீடித் துண்டு போதும், அறை முழுக்கப் பற்றிக்கொள்ளும். கனத்தை இரண்டு மடங்காக்கினால் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடுதலாகத் தடுபடும் என்பது ஒலித்தடுப்பின் அடிப்படை. கனமே இல்லாத பொருளிடம் அந்த வேலையை எதிர்பார்க்கக் கூடாது.

அறைக்குள் அறை

ஹாலை மூன்றாகப் பிரித்தோம். தெருப்பக்கம் எட்டடி அகலத்தில் திறந்த திண்ணை. அதற்குப் பின்னால் மேளமும் பாட்டும் ஒலிக்கும் பதிவறை. அதை ஒட்டி, கணினி இருக்கும் தொகுப்பறை. பதிவறையை முதலில் 12 அடிக்கு 12 அடி என்று சதுரமாக வரைந்திருந்தேன். கொத்தனாருக்கு வசதியான அளவு. ஒலிக்கு மோசமான அளவு. ஓர் அறையின் இரு எதிர்ச் சுவர்களுக்கிடையில் ஒலி போய் வந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும். 12 அடிக்கு அது சுமார் 47 ஹெர்ட்ஸ். நீளமும் அகலமும் 12 ஆக இருந்தால் இரண்டு பெருக்கமும் ஒரே இடத்தில் விழும். மூலையில் நிற்பவருக்கு அடிநாதம் காதை அடைக்கும், நடுவில் நிற்பவருக்கு அது கேட்கவே கேட்காது. திண்ணையைப் பக்கவாட்டில் குறுக்கி, அறையை 14 அடி நீளம், 12 அடி அகலம், உள்ளுயரம் 9 அடி என்று மாற்றியதும், அவை 40, 47, 62 ஹெர்ட்ஸ் என மூன்று தனித்தனி இடங்களில் விழுந்தன. அடிநாதத்தின் தொல்லை இதனால் தீர்ந்துவிடாது. ஒரே இடத்தில் குவியாமல் பரவும், அவ்வளவுதான்.

பதிவறையின் உள்சுவர், செங்கல் சுவரைத் தொடாமல் நான்கு அங்குல இடைவெளி விட்டு, எஃகுச் சட்டத்தில் இரட்டை அடுக்கு ஜிப்சம் பலகையால் எழுப்பப்பட்டது. இடைவெளிக்குள் கல்நார்ப் பஞ்சு என்று தச்சர்கள் சொல்லும் ராக்வூல் பாளங்கள் வைக்கப்பட்டன. (பெயர்தான் அப்படி, இது ஆஸ்பெஸ்டாஸ் அல்ல.) தரையும் ரப்பர்க் கட்டைகளின் மேல் மிதக்கிறது. ஒரு டப்பாவுக்குள் இன்னொரு டப்பா, இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது என்பதே இதன் முழுத் தத்துவம்.

வேலை முடிந்து சோதித்தபோது, மூன்று பக்கம் அமைதியாக இருந்தது. நைட் ஷிஃப்ட் அண்ணன் வீட்டுப் பக்கம் மட்டும் மேளம் தெளிவாகக் கேட்டது. ஓட்டை எங்கும் தென்படவில்லை. ஒரு பையனை உள்ளே டோலக் அடிக்கச் சொல்லிவிட்டு, நான் வெளிச்சுவரில் காதை வைத்து அங்குலம் அங்குலமாக நகர்ந்தேன். தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், ஓரிடத்தில், சுவரே தட்டியது. தச்சரைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவர் கூச்சத்தோடு சொன்னார்: “உள் சுவரு லேசா ஆடிச்சு சார். நாளைக்குப் பசங்க சாஞ்சா விழுந்துடப்போவுதுன்னு ரெண்டு ஆங்கிள் போட்டு செங்கல்லோட இறுக்கிட்டேன்.” முப்பது வருட அனுபவம் உள்ளவர், ஆடுகிற சுவரைப் பார்த்துவிட்டுச் சும்மா போக அவருக்கு மனம் வரவில்லை. பிழை என்னுடையது. எதைக் கட்ட வேண்டும் என்று வரைபடத்தில் காட்டியிருந்தேன். எதை இறுக்கக் கூடாது, ஏன் கூடாது என்று அவரிடம் வாயால் சொல்லவில்லை. பலகையை வெட்டி அந்த இரண்டு ஆங்கிள்களையும் எடுத்துவிட்டு, ரப்பர் வைத்த தாங்கிகளை மாட்டினோம். அவரே பிறகு எங்களுக்குப் பாடம் நடத்துகிற அளவுக்கு அதில் தேர்ந்துவிட்டார்.

கதவுக்கு வருகிறேன். ஒரு கதவு போதவில்லை. வெளிச்சுவரில் ஒன்று, உள்சுவரில் ஒன்று, நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம் என்று வைத்தோம். ஒன்றைச் சாத்தாமல் மற்றதைத் திறக்கக் கூடாது என்பது வழக்கமானது. இரண்டும் கனமான திடப்பலகைக் கதவுகள், நான்கு பக்கமும் ரப்பர் விளிம்பு, அடியில் தரையை அழுத்தும் பட்டை. பணம் தீர்ந்துபோய் இரண்டாவது கதவு மூன்று மாதம் தாமதமானபோது, மைக்குகளைக் கணினியோடு இணைக்கும் எட்டுச் சானல் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றை வாங்கித் தர ஒருவர் தயாராக இருந்தார். கதவாகத் தர முடியுமா என்று கேட்டோம். அவர் நல்ல மனிதர். ஆனால் கதவைப் புகைப்படம் எடுத்துத் தன் நிறுவனத்துக்கு அனுப்புவது எப்படி என்று உண்மையாகவே குழம்பினார்.

ஆறு மெத்தைகள்

ஒலியை வெளியே விடாமல் தடுப்பதும் உள்ளே எதிரொலியை அடக்குவதும் வேறு வேறு வேலைகள். காலியான பதிவறையில் கைதட்டினால் ஓசை சுமார் மூன்று நொடி சுழன்றது. பேச்சும் தாளமும் தெளிவாகப் பதிய அது 0.3 நொடிக்கு வர வேண்டும். 1895இல் ஹார்வர்டின் விரிவுரை மண்டபம் ஒன்றில் இதே சிக்கலைத் தீர்க்க முனைந்த வாலஸ் சபீன், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகச் சுமந்து வந்து, மெத்தையின் எண்ணிக்கை கூடக்கூட எதிர்முழக்கம் எப்படிக் குறைகிறது என்று அளந்தார். கன மீட்டரில் அறையின் கொள்ளளவை 0.161ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சலால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் கிடைக்கும் என்ற வாய்பாடு அங்கிருந்துதான் வந்தது. எங்கள் அறை 43 கன மீட்டர். 23 சதுர மீட்டர் உறிஞ்சல் தேவை, அதாவது ஒலியை முழுதாக விழுங்கும் அவ்வளவு பரப்புக்கு நிகரான உறிஞ்சல்.

பிள்ளைகளுக்குக் கணக்கைக் காட்டுவதை விட மெத்தையைக் காட்டலாம் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய் ஆறு இலவம்பஞ்சு மெத்தைகளை இரவல் வாங்கினோம். ஒவ்வொன்றாகச் சுவரில் சாய்த்துக் கைதட்டச் சொன்னோம். மூன்றாவது மெத்தையில் ஒரு பெண், “இப்பதான் என் குரலு எங்கிட்ட வருது” என்றாள். மெத்தைகளைத் திருப்பிக் கொடுக்கப் போன வீடுகளில் அதற்குப் பிறகு எங்களைப் பற்றிச் சந்தேகம் குறைந்தது. நிலையான பலகைகளைத் தீப்பிடிக்கும் பஞ்சால் செய்யாமல், இரண்டு அங்குல ராக்வூலை மரச்சட்டத்தில் வைத்து, நார் வெளியே உதிராதபடி நெருக்கமான கைத்தறித் துணியால் இழுத்துக் கட்டினோம். துணியின் நிறத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் பிள்ளைகள். நீலம்.

தண்ணீர், காற்று, நெருப்பு

கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கும் செய்தி வராத மழைக்காலம் வியாசர்பாடிக்குக் குறைவு. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊரில் ஜிப்சம் பலகையைத் தரையோடு வைத்துக் கட்டுவது முட்டாள்தனம். நனைந்தால் அது மாவாகிவிடும். கீழிருந்து இரண்டடிக்கு சிமென்ட் நார்ப்பலகை, ஒலிப்பலகைகள் அதற்கு மேலே, மின் சாக்கெட்டுகள் எல்லாம் நான்கடி உயரத்தில். விருந்தாளிகளுக்கு அது விநோதமாகத் தெரியும். ஊர்க்காரர்கள் யாரும் கேட்டதில்லை. மின்சாரத்தில் சிக்கனம் பார்க்காத ஒரே இடம் புவித்தொடர்பு. வியர்த்த கையால் மைக்கைப் பிடித்துப் பாடும் பிள்ளைக்கும் 230 வோல்ட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு நல்ல எர்த் கம்பியும் 30 மில்லியாம்பியர் கசிவுத் துண்டிப்பானும்தான்.

காற்றுதான் எங்களை அதிகம் படுத்தியது. ஒலி போகாத அறை என்றால் காற்றும் போகாத அறை. எட்டுப் பேர் ஒரு மணி நேரம் பாடினால் தலை கனக்கும். ஏசி அதே காற்றைக் குளிர்வித்துக்கொண்டே இருக்குமே தவிர, புதுக் காற்றைக் கொண்டுவராது. ஒட்டுப்பலகைப் பெட்டிக்குள் வளைந்து வளைந்து போகும் பாதை அமைத்து, உட்புறம் ராக்வூல் பதித்து, ஒன்றின் வழியே காற்றை இழுத்து இன்னொன்றின் வழியே வெளியேற்றினோம். ஒலிக்கு ஒவ்வொரு வளைவிலும் சக்தி குறைகிறது, காற்று போய்விடுகிறது.

நெருப்பு என்னுடைய திட்டத்தில் இல்லவே இல்லை. பறை அடிக்கும் ஒரு குழு முதல் நாள் வந்ததும், “காய்ச்ச இடம் எங்கே?” என்று கேட்டார்கள். தோலை அனலில் காட்டி இறுக்காமல் பறையை அடிக்க முடியாது; ஐப்பசி ஈரத்தில் அரை மணிக்கு ஒருமுறை காய்ச்ச வேண்டும். பல லட்சம் செலவழித்த கூடத்தில், அந்த ஊரின் முதன்மையான வாத்தியத்தைச் சுருதி சேர்க்க இடம் இல்லை. திண்ணையிலிருந்து பத்தடி தள்ளி, மேலே தகரம் வேய்ந்து, மணல் பரப்பிய ஒரு மூலையைப் பிறகு ஒதுக்கினோம். இன்று அங்கேதான் அதிகப் பேர் நிற்கிறார்கள்.

கண்ணாடியும் சாவியும்

கருவிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கானாவில் பாடகரும் மேளமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்பதால், எல்லாவற்றையும் உள்வாங்கும் கண்டென்சர் மைக்குகளைத் தவிர்த்து, 1966 முதல் மேடைகளில் அடிபட்டும் உயிரோடிருக்கும் ஷ்யூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்குகளை வாங்கினோம். தொகுப்புக்கு இலவச மென்பொருள். வீட்டில் கைப்பேசியில் செய்த தாளத்தை இங்கே கொண்டுவந்து இணைக்க ஒரு கேபிள், அதுதான் தினமும் தேடப்படும் பொருள்.

கூடம் திறந்த முதல் இரண்டு மாதம் பெண்கள் பாட வரவில்லை. சாத்திய கதவுக்குப் பின்னால், வெளியே சத்தமே கேட்காத ஓர் அறைக்குள் மகளை அனுப்பத் தாய்மார்கள் மறுத்ததில் வியப்பில்லை. எங்கள் ஒலித்தடுப்பு எவ்வளவு நன்றாக இருந்ததோ அவ்வளவு பயம் கூடியது. ஆகவே, திண்ணையிலிருந்து பதிவறைக்குள் பார்க்கும்படி நான்கடிக்கு மூன்றடிக் கண்ணாடி ஒன்றைச் சுவரை உடைத்து வைத்தோம். வெளியே 10 மில்லிமீட்டர், உள்ளே 6 மில்லிமீட்டர், நடுவில் நான்கங்குல இடைவெளி. இரண்டும் ஒரே தடிமனாக இருந்தால் ஒரே அதிர்வெண்ணில் இரண்டும் சேர்ந்து கோட்டை விடும். ஒலித்தடுப்பில் கொஞ்சம் இழந்தோம். திண்ணையில் பூக்கட்டிக்கொண்டே உள்ளே பார்க்கும் அம்மாக்கள் வந்த பிறகு, மாலை நான்கிலிருந்து ஆறு வரை பெண்களுக்கான நேரம் ஆயிற்று. இதைத் தொடக்கத்திலேயே வரைந்திருந்தால் சுவர் உடைக்கும் செலவு மிஞ்சியிருக்கும்.

சாவி, கீபோர்டு கிடந்த கட்டிலின் சொந்தக்காரரான அதே அக்காவிடம் இருக்கிறது. மகளிர் குழுவில் கணக்கு எழுதிப் பழகியவர். யாருக்கு எந்த மணி என்பதற்கும் அவர் நோட்டில் ஒரு பக்கம் உண்டு. இளைஞர்களில் ஒருவரிடம் கொடுக்க வேண்டும் என்று நான் வாதிட்டேன், தோற்றேன். இளைஞர்களே அவரைக் கேட்டார்கள். தங்களுக்குள் ஒருவனிடம் சாவி இருந்தால் அவன் தெருக்காரர்களுக்கே நேரம் போகும் என்பது அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

தொகுப்பறையில் அடிநாதம் இன்னும் சரியாக இல்லை. அங்கே கலந்த பாட்டு வெளியே போய்க் கேட்டால் ‘பேஸ்’ குறைவாக இருக்கிறது, மூலைகளில் தடித்த உறிஞ்சிகள் வைக்க வேண்டும். நைட் ஷிஃப்ட் அண்ணன் புகார் சொல்வதை நிறுத்தி வெகு நாளாயிருந்தது. போன மாதம் மறுபடி வந்தார். வெளிக்கதவின் அடி ரப்பர் தேய்ந்து, ஒரு விரல்நுனி நுழையும் இடைவெளி விழுந்திருந்தது. அன்று மாலையே அக்காவின் நோட்டில், அடுத்த நன்கொடையாளரிடம் கேட்க வேண்டியவை என்ற தலைப்பின் கீழ், மைக் ஸ்டாண்டுக்கு மேலே முதல் வரியாக ஏறியது: கதவு ரப்பர், இரண்டு கதவுக்கும் சேர்த்து 40 அடி.